பங்குத்தந்தையை இன்றே அழையுங்கள்

பொள்ளாச்சிப் பகுதி இறைமக்களே,

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் நாம் ஓடாத ஓட்டமில்லை. கோவைக்கு ஆம்புலன்ஸ் வைக்கிறோம், ஸ்கேன் எடுக்கிறோம், நகையை அடகு வைத்தாவது ஆபரேஷனுக்குப் பணம் கட்டுகிறோம். எல்லாம் செய்ய வேண்டியதுதான். பங்குத்தந்தையை மட்டும் அழைப்பதில்லை. "ஃபாதர் வந்தா அம்மா பயந்துக்குவாங்க, கடைசி நேரம்னு நெனச்சுக்குவாங்க" என்கிறோம். மூச்சு இழுக்கத் தொடங்கியபின் நடுராத்திரியில் பங்கு இல்லத்துக்குப் போன் போகிறது. அவர் வந்து சேரும்போது அம்மாவுக்கு நினைவில்லை. சில வீடுகளில் உயிரே இல்லை. இறந்தவருக்கு நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தைத் தர முடியாது. அவருக்காகச் செபிக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பயத்தை விட்டொழியுங்கள். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். கவனியுங்கள், ஆளனுப்புபவர் நோயாளியேதான். அவருக்குப் பேச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது. பிற்காலத்தில்தான் நோயில்பூசுதல் சாவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதைத் திருத்தியது: நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தலைகாட்டும்போதே இதைப் பெறத் தகுந்த நேரம் வந்துவிட்டது என்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் புதிய முறையை வகுத்தபோது, ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்த அனுமதித்தார். நம் தோப்புத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய்கூட முறைப்படி மந்திரிக்கப்பட்டால் போதும். திருச்சபை இவ்வளவு அருகில் கொண்டுவந்து கொடுத்ததை நாம் ஏன் தள்ளிப்போட வேண்டும்?

கடும் நோய்க்காகப் பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர் பெறலாம். முதுமையில் தளர்ந்தவர் பெறலாம். விவரம் தெரிந்த குழந்தையும் பெறலாம். நோய் முற்றினாலோ, குணமாகி மீண்டும் விழுந்தாலோ மறுபடியும் பெறலாம். நினைவிழந்தவருக்கும் தரலாம், ஆனால் நினைவோடு இருப்பவர்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும், நற்கருணை வாங்க முடியும், "ஆமென்" என்று தன் வாயால் சொல்ல முடியும். பெற்ற தாயிடமிருந்து அந்த வாய்ப்பைப் பறிக்காதீர்கள்.

ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். குரு ஒன்றும் பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைக்கிறார். பெருவிரலில் எண்ணெய் தொட்டு நெற்றியில் பூசுகிறார், பிறகு இரு கைகளிலும் பூசுகிறார். பல நாளாக ஊசிக்கு மட்டுமே நீண்ட கைகள் அவை. அந்த வலியைக் கிறிஸ்து தம் பாடுகளோடு சேர்த்துக்கொள்கிறார்.

இது குருவின் பொறுப்பு மட்டுமென்று ஒதுங்காதீர்கள். தக்க நேரத்தில் நோயாளிக்கு இந்த ஆறுதல் கிடைக்கச் செய்யும் கடமையை, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1001ஆம் விதி மேய்ப்பர்கள்மீதும் நோயாளிக்கு நெருங்கியவர்கள்மீதும் சேர்த்தே வைக்கிறது. மகனே, மருமகளே, பக்கத்து வீட்டாரே, அந்த நெருங்கியவர்கள் நீங்கள்தான்.

கோவையில் அட்மிஷனுக்கு நாள் குறித்தவுடனே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். வால்பாறை எஸ்டேட் மக்களே, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி யாரும் நொடியில் வந்துவிட முடியாது. நீங்கள் இன்னும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியே கிடக்கும் பெரியவர்களின் பெயர்களை அன்பியக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். ஃபாதர் வரும் நாளில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி போதும். பாவசங்கீர்த்தன நேரத்தில் மட்டும் வெளியே நில்லுங்கள். மற்ற நேரமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று சேர்ந்து செபியுங்கள்.

நோயாளியிடம் மூடி மறைக்கவும் வேண்டாம். "ஃபாதரை வரச் சொல்லட்டுங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பயம் பெரும்பாலும் நமக்குத்தான், அவர்களுக்கல்ல. அவர்கள் சரி என்றதும் ஞாயிறு வரட்டும் என்று காத்திராமல் அப்போதே போன் செய்யுங்கள்.