பிறர் துயரை அறிதல்

பிறருடைய மனத்துயரை மற்றொருவர் மெய்யாகவே அறிய இயலுமா என்னும் வினா வேதாந்திகளுக்கு மட்டும் உரியதன்று. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வியன்னாவிலிருந்து இங்கிலாந்து சேர்ந்து, மனநோய்ச் செவிலியராகி, பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக உயர்ந்த ஆனி ஆல்ட்ஷுல், தம் ஆராய்ச்சி வாழ்வில் அவ்வினாவையே எதிர்கொண்டு நின்றார். 1972-இல் வெளிவந்த அவரது நூல், மருத்துவமனை வார்டுகளில் செவிலியரும் நோயாளிகளும் பழகும் விதத்தைக் கூர்ந்து நோக்கி, செவிலியர் எந்தச் சித்தாந்தத்தையும் பற்றி நின்று உரையாடவில்லை என்றும், ஆயினும் அவ்வுறவே தமக்கு ஆறுதலளித்ததாக நோயாளிகள் கருதினர் என்றும் காட்டியது. ஞானம் பிறந்த பின்னரே கருணை பயன் தரும் என்று வாதிப்போர் இதனை ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். அறிபவர் வேறு, அறியப்படும் துயர் வேறு என்னும் பேதமும் அவர்பால் நிலைக்கவில்லை. பின்னாளில் தாமே மனச்சோர்வுற்றுச் சிகிச்சை பெற்ற அவ்வம்மையார் அவ்வனுபவத்தை ஒளிக்காமல் எழுதினார். அவ்வெழுத்தையும் அவரது ஆராய்ச்சியின் அங்கமாகவே நான் மதிக்கிறேன்.