எலும்பில் வேர்

உவரி. வெயில் தாழ்கிறது. கப்பல் மாதா கோவிலின் நிழல் மணலில் நீள்கிறது.

கருமணலும் செம்மணலும் வரிவரியாய்க் கிடக்கின்றன. ஓர் அலை வந்து வரிகளை மாற்றிப்போகிறது. இன்னோர் அலை.

வள்ளத்தின் ஓரத்தில் ஒருவர் வலை பொத்துகிறார். ஊசி போகிறது. வருகிறது.

வடக்கே மணப்பாடு.

2016 ஜனவரி நினைவுக்கு வருகிறது. மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை. கரையெங்கும் பைலட் திமிங்கலங்கள். எண்பதுக்கும் மேல். மீனவர்கள் இழுத்துக் கடலில் விடுகிறார்கள். திரும்பி வருகின்றன. மறுபடி இழுக்கிறார்கள். மறுபடி வருகின்றன.

இறந்தவற்றுக்குக் கரையிலேயே குழி.

நடுக்கடலில் சாகும் திமிங்கலத்துக்குக் குழி இல்லை. அது இறங்குகிறது. நெடுநேரம். வெளிச்சம் தீர்ந்த பிறகும்.

சுறாக்கள் சதையைத் தின்கின்றன. எலும்பு மிஞ்சுகிறது.

கலிஃபோர்னியா, மான்டரே விரிகுடா, 2002. ஏறக்குறைய 2,900 மீட்டர் ஆழம். ஆளில்லா நீர்மூழ்கியின் விளக்கில் ஒரு சாம்பல் திமிங்கலத்தின் எலும்புக்கூடு. எலும்பின் மேலெல்லாம் சிவப்பு. அசைகிற சிவப்பு.

புழுக்கள். 2004இல் அவற்றுக்குப் பெயர் கிடைக்கிறது: ஓசிடாக்ஸ்.

வாய் இல்லை. குடல் இல்லை. வெளியே தெரிவது சிவந்த இழைகள், அவற்றால்தான் மூச்சு. எலும்புக்குள் இறங்கியிருப்பது பச்சை வேர். வேர் அமிலம் சுரக்கிறது. எலும்பு கரைகிறது. வேருக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உண்பது யார், ஊட்டுவது யார். பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

அங்கே கண்ணில் பட்டவை எல்லாம் பெண். ஆண் கண்ணுக்குத் தெரியாத அளவு. பெண்ணின் குழாய்க்குள்ளேயே, பலவாக, முட்டைக்கருவின் மிச்சத்தில் உயிர் வைத்திருக்கிறது.

முட்டைகள் நீரோடு போகின்றன. அடுத்த எலும்பு எங்கேயோ. எத்தனையோ மைல் இருட்டு. பெரும்பாலானவை சேர்வதில்லை. சில சேர்கின்றன.

உதட்டில் உப்பு. மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

புழு என்றதும் எழும் அருவருப்பைத் தேடுகிறேன். இல்லை. அந்த இடத்தில் மரியாதை மாதிரி ஏதோ இருக்கிறது. அதை அப்படியே விடுகிறேன்.

மீனவர் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். அடுத்த கண்ணி.

கரையில் புதைந்தவற்றுக்கு மணல். ஆழத்தில் விழுந்தவற்றுக்கு இந்த வேர்.