ஒத்திக்கு வீடு எடுப்பது கூடுமா?

தேனி, உத்தமபாளையம், கம்பம் ஊர்களின் புறநகர்ப் பகுதிகளில் குறைந்த செலவில் வீடு தேடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வாடகைக்கா ஒத்திக்கா என்பதுதான். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய காலம்வரை வாடகையில்லாமல் குடியிருப்பது ஒத்தி. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். காய் பறிப்பு ஓய்ந்து கூலி குறைந்த மாதங்களிலும் வாடகைக் கவலை இருக்காது.

ஆனால் இந்த ஆறுதல் மார்க்கத்தில் கூடுமா?

கம்பம் பள்ளத்தாக்கின் முஸ்லிம்களுக்கு இது அன்றாடக் கேள்வி. கொடுத்த தொகை கடன். கடனால் வரும் ஆதாயம் வட்டி. வாடகையில்லாக் குடியிருப்பு அந்த ஆதாயம். ஆகவே ஒத்தி கூடாது என்பது மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒத்தியைப் போலவே, பணம் திரும்பி வந்ததும் சொத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு விற்கும் முறையை மத்திய ஆசியாவின் ஹனபி அறிஞர்கள் சிலர் மக்களின் தேவை கருதி ஏற்றார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1992இல் அதைக் கூடாதென்றது. கிறிஸ்தவத்திலும் இதே வழக்கு நடந்தது. அடகு நிலத்தின் விளைச்சலை அசலில் கழிக்காமல் குருமார்கள் அனுபவிப்பதை 1163இல் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கண்டித்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒத்தித் தொகை ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 2,900 ரூபாய் வரும். அந்த வீட்டுக்கு வாடகை ஐயாயிரம் என்றால் குடியிருப்பவருக்கு லாபம். வீட்டுக்காரரோ அதே தொகையை இரண்டு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்) வெளியில் வாங்கியிருந்தால் மாதம் 10,000 கட்டியிருப்பார். அவருக்கும் லாபம்தான். இங்கே கடன் கொடுப்பவர் கூலிக்காரர், வாங்குபவர் வீடு வைத்திருப்பவர். ஏழையைப் பணக்காரரிடமிருந்து காக்க வந்த வட்டித் தடை இங்கே யாரைக் காக்கிறது?

இருவரையும் காக்கிறது. தவணை முடியும் நாளில் வீட்டுக்காரர் கையில் பணம் இருப்பது அரிது. அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் முந்தியவருக்குப் பணம். அதுவரை ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பு முடங்கிக் கிடக்கிறது, மற்றவரால் தம் வீட்டுக்கே திரும்ப முடிவதில்லை. ஒத்தி போன்ற சுவாதீன அடமானத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொள்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே தீர்ப்பு சரி. ஆனால் அதன் சுமை வீடு தேடி வருபவர் தலையில் மட்டும் விழக் கூடாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த மூன்று மாதத் தொகையை ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மால் அழகிய கடனாக, அதாவது வட்டியில்லாமல், கொடுக்கலாம். வீடுள்ள வசதிக்காரர்கள் நியாய வாடகையோடு நிறுத்திக் கொள்ளலாம். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஐந்து லட்சம் தேடி வீட்டை ஒத்திக்கு விடுபவருக்கும் வட்டியில்லாக் கடன் கிடைத்தாக வேண்டும்; இல்லையேல் அவர் இரண்டு வட்டிக்குக் கொடுப்பவரிடம்தான் போவார். ஒத்தியைத் தடுக்கும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் அவருக்கான ஏற்பாட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.