வர்ணத்துக்குக் கீழே

சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது. மனிதனின் குறையை வெளியே சொல்லித் திரியக் கூடாது. இரண்டையும் நாம் சிறு வயதிலேயே ஓதிக்கொள்கிறோம். நனைந்த தானியத்தை மேலே தெரியும்படி வைக்காத வியாபாரியை நபிகளார் கண்டித்த செய்தியையும், பிறர் குறையை மூடியவனின் குறையை அல்லாஹ் மூடுவான் என்ற செய்தியையும் அடுத்தடுத்துச் சொன்ன குத்பாக்களை நான் கேட்டிருக்கிறேன். இவ்விரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்ற கேள்வியை எனக்கு எழுப்பியது கிதாபு அல்ல, ஒரு பழைய டிரில் மெஷின்.

மேசையில் பூட்டும் வகை, இங்கிலாந்து வார்ப்பு. கல்முனைக் கரையோரத்தில் ஒரு வேர்க்ஷொப்பின் மூலையிற் கிடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அதன் மேலால் போயிருந்தது. விலை கேட்குமுன்பே அந்த முதியவர் சொன்னார்: "சேர், இது கடல் குடிச்ச சாமான். தூணுக்குள்ள உப்பு இரிக்கும். வாங்கினாப் பொறகு என்ன ஏசப்படா." விலையையும் அவரே இறக்கினார். பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுக்கும் விலையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

'வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்' என்று சாதாரண தரத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த மெஷினைக் கொப்பியில் அழகாக வரைந்து பாகம் குறிப்பார்கள். அதன் கைப்பிடியை இழுத்துப் பார்த்தவர்கள் இல்லை. அதற்காகத்தான் வாங்கினேன்.

மண்ணெண்ணெயும் என்ஜின் ஒயிலும் கலந்து ஊற்றி நான்கு நாள் விட்ட பின்னரே மேசைத்தட்டு தூணில் அசைந்தது. மோட்டர் கடலுக்குப் பின் மாற்றப்பட்டது. அதன் பெயாரிங் 6203. உள் துவாரம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40. மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலேயே புதியது கிடைத்தது. எந்த நாட்டில் செய்தாலும் ஒரே எண்ணுக்கு ஒரே அளவு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களை நினைத்து நான் மகிழ்ந்தேன். நம்முடைய பாடப்புத்தகங்களில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்குகூட இன்னும் வரவில்லை.

வர்ணம் சுரண்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மேலே சாம்பல், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை. மேசைத்தட்டைத் தூணோடு பிடிக்கும் தாங்கியில், பச்சைக்குள்ளே, விரல் நீளத்துக்கு மஞ்சட் கோடு ஒன்று. எப்போதோ வெடித்த வார்ப்பிரும்பைப் பித்தளையால் ஒட்டியிருந்தார்கள். வார்ப்பிரும்பு உருக ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வேண்டும். பித்தளைக் கம்பி 900 அளவில் இளகிவிடும். ஆகவே இரும்பை உருக்காமலே ஒட்டலாம். ஆனால் மெல்லச் சூடேற்றி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும். இதைச் செய்தவர் அவசரப்படவில்லை. விற்ற முதியவர் மெஷினை வாங்கியபோதே அதில் நீல நிறம் இருந்ததாம். அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மேசைத்தட்டிலும் குறைகள் இருந்தன. நடுத் துவாரத்தைச் சுற்றிப் பதினொரு குழிகள், ஒன்றும் ஆழமில்லை. துளை முடிந்ததும் கையை எடுக்காமல் அழுத்திய பழகுநர்களின் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் ஏச்சு வாங்கியிருப்பான்.

"எல்லாத்துக்கும் பட்டி வெச்சு அடிச்சா புதுசு மாதிரி இரிக்கும், சேர்" என்றார் உதவிக்கு வந்த நண்பர். அவர் சொன்னதிற் பாதியைச் செய்தேன். குழிகளை இரும்புத்தூள் கலந்த எபொக்சியால் நிரப்பித் தேய்த்துவிட்டேன். அவற்றால் யாருக்கும் கேடில்லை. பார்ப்பவன் சிரிக்க மட்டுமே உதவும். மஞ்சட் கோட்டின் மேல் வர்ணம் பூசவில்லை. அந்தத் தாங்கி பாரம் சுமக்கிறது. நாளை ஒருவன் கனமான இரும்பை அதில் வைத்து, தன் கையை அதன் கீழே நீட்டுவான். மறைக்கலாமா என்பதை முடிவு செய்வது குறையின் அளவல்ல, அதன் மேல் யார் சாய்கிறார்கள் என்பதே. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் வணிகம் பற்றிய பகுதியில் விற்பவன் குறையைச் சொல்லியாக வேண்டும் என்று இறுக்கிப் பிடிப்பதன் நியாயமும் இதுவாகவே எனக்குப் படுகிறது.

இரும்போடு நின்றிருந்தால் கேள்வி முடிந்திருக்கும். ஆனால் நான் பிள்ளைகளுக்கு நற்சான்றிதழ் எழுதுகிறவன். மெஷினைப் பார்க்க வந்த கராஜ்காரர் ஒருவர், எங்களிடம் படித்த பையன் ஒருவனைப் பற்றிக் கேட்டார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.) ஒன்பதாம் வகுப்பில் அவன் வகுப்புப் பணத்தில் கை வைத்தான், அழுதான், திருப்பிக் கொடுத்தான். ஐந்து வருடமாகிறது. அது குழியா, வெடிப்பா?

வேலைக்கோ திருமணத்துக்கோ ஆலோசனை கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லலாம் என்று இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களுள் ஒன்றாக வைக்கிறார். ஆனால் தேவையான அளவுக்கு மட்டும். கராஜ்காரர் கேட்டது மெஷின் வேலைக்கு. அங்கே பாரம் விழுவது அவனுடைய கையில். கை நல்ல கை. அரை மில்லிமீற்றர் பிசகாமல் வெட்டுவான் என்றேன். காசைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

இப்போது அவனையே காசு மேசையில் உட்கார வைக்க யோசிக்கிறாராம். இனி பாரம் வேறிடத்தில். அவர் திரும்பவும் என்னிடம் வருவார். வந்தால் வெடிப்பே இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் வார்ப்பிரும்பு மாறுவதில்லை, பதினான்கு வயதுப் பையன் மாறுகிறான் என்பதும் எனக்குத் தெரியும். வேறொரு வித்தியாசமும் உண்டு. தாங்கிக்கு வாயில்லை, அதன் வெடிப்பை அதை வைத்திருப்பவன்தான் சொல்ல வேண்டும். இவனுக்கு வாய் இருக்கிறது. கராஜ்காரர் வருமுன் அவனைக் கூப்பிட்டு, நீயே சொல்கிறாயா என்று கேட்கலாமென்றிருக்கிறேன்.