பந்தயமாக வைக்கப்பட்டது யாருடைய பொருள்?

1981 ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹெடிங்லி மைதானத்தில் நடந்த ரெஸ்ற் ஆட்டத்தைக் கிரிக்கெற் பைத்தியங்கள் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ‘பொலோ ஒன்’ ஆடிய இங்கிலாந்து, இரண்டாவது இன்னிங்ஸிலும் 135 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெற்றுகளை இழந்து கிடந்தது. அங்கிருந்து இயன் பொத்தம் ஆட்டமிழக்காமல் 149 ஓட்டங்கள் அடித்ததும், கடைசி நாளில் பொப் வில்லிஸ் 43 ஓட்டங்களைக் கொடுத்து 8 விக்கெற்றுகளைச் சாய்த்ததும், 130 ஓட்டங்கள் எடுத்தாலே போதும் என்றிருந்த அவுஸ்திரேலியா 111க்குச் சுருண்டதும் பலமுறை எழுதப்பட்ட கதை. அதே ஆட்டத்துக்குள் இன்னொரு சிறிய கதையும் இருக்கிறது. இங்கிலாந்து தோல்வியின் விளிம்பில் நின்றபோது, அது வெல்லும் என்று பணம் கட்டுபவருக்கு ஒன்றுக்கு ஐந்நூறு தருவதாகப் பந்தய நிறுவனம் அறிவித்தது. மைதானத்துப் பலகையில் அதைக் கண்ட அவுஸ்திரேலிய வீரர்களில் டெனிஸ் லில்லி பத்துப் பவுணும் றொட் மார்ஷ் ஐந்து பவுணும் கட்டினார்கள். தமது சொந்த அணிக்கு எதிராக! இருவருக்கும் சேர்த்து 7500 பவுண் கிடைத்தது. தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

அவர்கள் வேண்டுமென்றே தோற்றார்கள் என்று கிரிக்கெற் உலகம் நம்பவில்லை. லில்லி அந்த ஆட்டத்தில் ஏழு விக்கெற்றுகள் எடுத்தவர். ஐந்நூறு மடங்கு என்றால் யாருக்குத்தான் கை குறுகுறுக்காது என்று இது பகிடியாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இன்று ஒரு வீரர் இதே காரியத்தைச் செய்தால் சர்வதேச கிரிக்கெற் சபையின் ஊழல் தடுப்பு விதிகளின்படி அவருக்குத் தடை விழும். அன்று பகிடி, இன்று குற்றம். அப்படியானால் குற்றம் என்பது விதி மாறியதால் மட்டும் வந்ததா? அல்லது அன்றும் அங்கே ஒரு தவறு இருந்து, அதற்கு நாம் பெயர் வைக்காமல் இருந்தோமா?

தன் ஆட்டத்தின்மேல் தானே பந்தயம் கட்டுகிற வீரன் செய்யும் தவறு என்ன என்று கேட்டால், வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, பேராசை. ஆனால் பேராசை எல்லாருக்கும் உரியது. அதற்காக எவரையும் வேலையிலிருந்து நிறுத்துவதில்லை. மற்றது, காசுக்காகத் தோற்றுக் கொடுப்பான் என்ற பயம். இது நியாயமான பயம். ஆனால் வெல்வோம் என்று கட்டியவனை இந்தப் பதிலால் குற்றவாளியாக்க முடியாது. பீற் றோஸ் நின்றது இந்த இடத்தில்தான்.

அமெரிக்க பேஸ்போல் ஆட்டத்தில் 4256 தடவை பந்தை அடித்துத் தளம் சேர்ந்த றோஸின் சாதனையை எவரும் முறியடிக்கவில்லை. சின்சினாற்றி றெட்ஸ் அணியின் முகாமையாளராக இருந்த காலத்தில் அவர் தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார் என்று விசாரணை அறிக்கை கண்டது. 1987இல் மட்டும் றெட்ஸ் ஆடிய 52 ஆட்டங்களில் அவர் கட்டியதாக அந்த அறிக்கை கணக்கிட்டது. 1989 ஓகஸ்ற் 24இல் ஆணையாளர் பார்ட்லெற் ஜியமாற்றி அவருக்கு நிரந்தரத் தடை விதித்தார். பதினைந்து வருடங்களாக மறுத்துவந்த றோஸ், 2004இல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபோதும் ஒன்றை விடாமல் சொன்னார்: நான் என் அணி வெல்லும் என்றுதான் கட்டினேன், ஒருபோதும் எதிராகக் கட்டவில்லை. அவர் எதிராகக் கட்டியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. தன் உழைப்பில் நம்பிக்கை வைத்து, தன் காசைத் தானே கட்டியவனுக்கு ஆயுட்காலத் தண்டனையா என்று அவருடைய இரசிகர்கள் முப்பத்தைந்து வருடங்களாகக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை நாம் நன்றாக அறிந்த ஒன்றோடு வைத்துப் பார்ப்போம். புலம்பெயர்ந்த எமது வாழ்வில் வங்கியை விடவும் சீட்டுத்தான் எமக்குக் கைகொடுத்தது. இருபது பேர் சேர்ந்து ஒருவரிடம் மாதாமாதம் காசைக் கொடுக்கிறோம். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. கோப்பை கழுவிய காசு, தம்பியை வெளியே எடுக்கச் சேர்த்த காசு, தங்கையின் சீதனக் காசு எல்லாம் அந்த ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் சீட்டுக்காசோடு ஓடிவிட்டால் நாம் அவரைக் கள்ளன் என்கிறோம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஓடவில்லை என்று வைப்போம். ஒரு மாதக் காசை எடுத்துக் குதிரையில் கட்டுகிறார். வெல்கிறார். சொன்ன திகதியில், சொன்ன தொகையை, ஒரு சதமும் குறையாமல் உரியவரின் கையில் கொடுக்கிறார். எவரும் ஒன்றையும் இழக்கவில்லை. அவர் தவறு செய்தாரா?

செய்தார் என்றுதான் நாம் எல்லாரும் சொல்வோம். அடுத்த மாதம் அவரிடம் காசு கொடுக்கமாட்டோம். அவர் தோற்றிருந்தால் எமக்கு நட்டம் வந்திருக்கும் என்பது காரணத்தின் பாதிதான். வென்றபோதும் அவர் வைத்தது தன்னுடையதல்லாத பொருள் என்பது மறுபாதி. இருபது பேரின் நம்பிக்கையை அவர்களைக் கேட்காமலே ஒரு குதிரையின் காலில் கட்டிவிட்டார். வெற்றி அந்தச் செயலை மறைக்கும், சரியாக்காது.

ஓர் ஆட்டமும் சீட்டுப் போன்றதுதான். எதிரணி தன் உழைப்பைப் போடுகிறது, சக வீரர்கள் தமது உடம்பைப் போடுகிறார்கள், பார்ப்பவர்கள் தமது நேரத்தையும் நம்பிக்கையையும் போடுகிறார்கள். மைதானத்தில் நடப்பது உண்மையாகவே நடக்கிறது என்பதுதான் அந்தப் பொதுப்பணம். றோஸ் கட்டிய டொலர் அவருடையதாக இருக்கலாம். ஆனால் டொலரோடு சேர்ந்து வேறொன்றும் மேசைக்கு வந்தது. இன்றைய ஆட்டத்தில் காசு இருக்கிறது என்பதற்காக, நாளைக்கு ஓய்வு கொடுக்கவேண்டிய பந்துவீச்சாளனின் தோளை முகாமையாளன் இன்றைக்கே முறித்து எடுக்கலாம். அவன் கட்டாமல் விடுகிற நாளே புக்கிக்கு ஒரு செய்தியாகிவிடும்: இன்று அவனுக்கே தன் அணியில் நம்பிக்கை இல்லை. கடன் ஏறினால் கடன் கொடுத்தவனின் கை ஆட்டத்துக்குள் நீளும். இவை றோஸின் அணியில் நடந்தன என்று நாம் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று இனி எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் விடயம். அந்த நிச்சயத்தைத்தான் அவர் பந்தயமாக வைத்தார், அது அவருடையதல்ல.

எமது சனங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கிழக்கில் பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள், சூதாட்ட மண்டபத்தில் அவள் கேட்ட கேள்வியையும் அறிந்தவர்கள். தருமன் நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னை வைத்தான், பிறகு அவளை வைத்தான். சூதாடுவது பாவம் என்று அவள் சொல்லவில்லை. ஏன் தோற்றாய் என்றும் கேட்கவில்லை. தன்னைத் தோற்றபின் என்னை வைக்க அவனுக்கு என்ன உரிமை என்றுதான் கேட்டாள். தருமன் அன்று வென்றிருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நின்றிருக்கும். தம்பிமார் தம்பிமாரே தவிர நாணயங்கள் அல்ல.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 2023 மே மாதத்தில் பிறென்ற்போட் கழகத்தின் உதைபந்தாட்ட வீரர் ஐவன் ரோனிக்கு எட்டு மாதத் தடையும் 50,000 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டன. 2017க்கும் 2021க்கும் இடையில் பந்தய விதிகளை 232 தடவை மீறியதை அவர் ஒப்புக்கொண்டார். அவற்றில் 13 பந்தயங்கள் தான் சார்ந்த கழகம் தோற்கும் என்று கட்டியவை. அந்த ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அவர் சூதாட்ட நோய்க்கு ஆளானவர் என்ற மருத்துவச் சாட்சியத்தை விசாரணைக்குழு ஏற்றுக்கொண்டு, தண்டனையில் மூன்று மாதத்தைக் குறைத்தது. வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் போதை, மறுபக்கம் சிகிச்சை. இங்கிலாந்தின் விசாரணைக்குழு வந்துசேர்ந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் ரோனி தடைக்கு முன் கோல் அடித்துவிட்டு ஓடியபோது அவருடைய நெஞ்சில் எழுதியிருந்தது என்ன? ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். அவருடைய கழகத்தின் மேலாடையை வாங்கியிருந்தது ஹொலிவூட்பெற்ஸ். கழகத்தின் உரிமையாளரே பந்தயக் கணிப்புகளால் செல்வம் சேர்த்தவர். இதில் சட்டவிரோதமாக எதுவும் இல்லை, அதுதான் யோசிக்கவேண்டியது. 2023 ஏப்ரலில் பிறீமியர் லீக் கழகங்கள், 2025-26 பருவம் முடிந்தபின் மேலாடையின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனங்களின் பெயரைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. முன்பக்கத்தில் மட்டும். கைப்பகுதியைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2018 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு நவம்பரிலேயே மேஜர் லீக் பேஸ்போல் ஒரு சூதாட்ட நிறுவனத்துடன் பங்காளியானது. 2024 ஜூனில் அதே லீக், பேஸ்போலில் ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் கட்டிய ருக்குபிற்றா மார்க்கானோ என்ற 24 வயது வீரருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. காயப்பட்டு ஆடாமல் இருந்த காலத்தில் தன் அணியின் ஆட்டங்களிலும் அவர் கட்டியிருந்தார்.

பாரதக் கதையில் ஒரு விடயத்தை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். சூதாடுவதற்கென்று ஒரு மண்டபம் கட்டப்பட்டது. அதைக் கட்டியவர்கள் ஆடுபவர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். கட்டியவர்களே பிறகு சபையிலும் அமர்ந்திருந்தார்கள். இன்றைய விளையாட்டு நிறுவனங்கள் மண்டபத்தையும் கட்டி, வாடகையையும் வாங்கி, ஆடியவன் கையும் களவுமாகப் பிடிபட்டால் நீதிபதியின் கதிரையிலும் ஏறி அமர்கின்றன.

இந்த இடத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. தண்டிப்பவனே கள்ளன், ஆகவே தண்டிக்கப்பட்டவன் நிரபராதி என்று சொல்லிவிடத் தோன்றும். தொழிலாளியின் பக்கம் நிற்க விரும்புகிற எமக்கு அந்த ஆசை இன்னும் அதிகம். ஆனால் இந்தத் தர்க்கத்தின் விலையை எம்மைவிட அறிந்தவர்கள் யார்? எமது இயக்கங்கள் செய்த கொலைகளைப் பற்றி எவராவது வாய் திறந்தபோதெல்லாம், ‘அரசு செய்யவில்லையா?’ என்ற பதிலைத்தானே கேட்டோம். அரசு செய்தது, அதைவிடப் பெரிதாகவும் செய்தது. ஆனாலும் கொல்லப்பட்டவர் அதனால் உயிர்த்து வரவில்லை, கொன்ற கையும் கழுவப்படவில்லை. ஒரு தவறைச் சுட்டுகிறவனின் அசுத்தம் அந்தத் தவறைச் சுத்தமாக்காது. ரோனி செய்தது தவறு. லில்லியும் மார்ஷும் செய்ததும், சிரித்தபடி செய்திருந்தாலும், தவறு. அவர்கள் ஒழுங்காக ஆடினார்கள் என்பதை நாம் நம்புகிறோம். ஆனால் அதை நம்பவேண்டிய நிலைக்கு எம்மைக் கொண்டுவந்தார்களே, அதுதான் அவர்கள் எடுத்த பொருள்.

ஆகவே தண்டனை வேண்டாம் என்பது எமது வாதம் அல்ல. தண்டனையின் அளவும் அது போய்ச் சேருகிற இடமும்தான் பிரச்சினை. 2023 ஒக்ரோபரில் சான்ட்றோ ரொனாலிக்கு இத்தாலியில் பத்து மாதத் தடை விதித்தபோது, சிகிச்சை பெறுவதையும் பொதுமக்கள் முன்னிலையில் தன் அனுபவத்தைப் பேசுவதையும் தண்டனையின் பகுதியாக்கினார்கள். அவர் திரும்பி வந்து ஆடினார். சீட்டை உடைத்தவனைத் தெருவில் விடுவதற்கும், சீட்டில் மறுபடி அமர என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதுதான் நீதிக்குக் கிட்ட நிற்கிறது.

போய்ச் சேருகிற இடம்? ஆட்டத்தின் உண்மை எல்லாருடைய பொதுப்பணம் என்றால், அதைப் புக்கிகளுக்கு வாடகைக்கு விடுகிற கழகமும் லீக்கும் அதே பணத்தைத்தான் எடுத்து வைக்கின்றன. வீரன் களவாகக் கட்டினான். இவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கட்டுகிறார்கள். நாம் வேலை செய்கிற தெருக்களில் றெஸ்ரோறன்ருக்குப் பக்கத்திலேயே பந்தயக் கடை இருக்கிறது. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று மணித்தியாலத்தில், வீட்டுக்குப் போய்வரத் தூரம், நடந்து திரியக் குளிர் என்று எமது பெடியள் போய் ஒதுங்குகிற இடம் அதுதான். ஒரு கிழமைச் சம்பளம் அங்கே ஒரு பின்னேரத்தில் போய்விடும். அவர்கள் அணிந்திருக்கிற மேலாடையிலும் அதே கடையின் பெயர் இருக்கலாம். அவர்களுடைய இழப்பைப் பற்றி எந்த விசாரணைக்குழுவும் அமர்வதில்லை. அந்த இழப்பிலிருந்துதான் விசாரணைக்குழுவின் செலவும் வருகிறதோ என்று கேட்டால் குதர்க்கம் என்பார்கள்.

பீற் றோஸ் 2024 செப்ரெம்பர் 30இல் இறந்தார். 2025 மே மாதத்தில், நிரந்தரத் தடை என்பது இறப்போடு முடிந்துவிடும் என்று தீர்மானித்து, அவருடைய பெயரைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1919 உலகத் தொடர் ஊழலுக்காகத் தடைசெய்யப்பட்ட வீரர்களின் பெயர்களும் சேர்த்தே நீக்கப்பட்டன. இறந்தவர்களால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனி ஆபத்து இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சரியான காரணம்தான். அப்படியானால் ஆட்டத்துக்கு இன்று ஆபத்தாக இருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். அவர்களில் எல்லாரும் வீரர்களும் அல்ல. திரௌபதையின் கேள்வியை வீரனிடம் கேட்டது சரி. அதே குரலில், அதே சொற்களில், மண்டபத்தைக் கட்டியவர்களிடமும் கேட்கவேண்டும்: வைத்தது யாருடைய பொருள்? அதை வைக்க உமக்கு உரிமை தந்தது யார்?