எடுத்தாளுதல் களவாகுமா?

நடிகை நயன்தாராவின் வாழ்க்கையைப் பற்றி நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆவணப்படத்தின் முன்னோட்டத்தில், 2015இல் வெளிவந்த ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்புத் தளத்தின் 3 விநாடிக் காட்சி ஒன்று இடம்பெற்றதற்காக, அப்படத்தைத் தயாரித்த நடிகர் தனுஷின் தரப்பிலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கோரி நோட்டீஸ் வந்ததும், அதற்கு நடிகை பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதியதும், விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றதும் யாவரும் அறிந்த செய்தி. சட்டம் எவர் பக்கம் என்பதை நீதிமன்றம் சொல்லும். ரசிகர்களின் சச்சரவுக்கு இங்கே இடமில்லை. ஆயினும் அந்தச் சச்சரவெல்லாம் அடங்கிய பிறகும் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பது ஒரு தர்ம சங்கடம். ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லப் புகுந்த படம், அந்த வாழ்க்கையில் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு கணத்தைக் காட்டுவதற்கு இன்னொருவருடைய அனுமதிக்காகக் காத்து நிற்க வேண்டுமென்றால், நடந்ததை நடந்தபடி உலகுக்கு எடுத்துரைப்பதையே தன் விரதமாகக் கொண்ட ஆவணப்படக் கலையின் கதி என்ன? பிறர் படைப்பிலிருந்து எடுத்தாளுதல் களவாகுமா?

ஆகாது. மூலத்தை மறைக்காமல், புதியதொரு கருத்தைச் சொல்லும் பொருட்டு, வேண்டிய அளவுக்கு எடுத்தாளப்படும் எதுவும் களவாகாது. அதை விலை பேசித் தடுத்து நிறுத்துவதே அறத்துக்கு முரணானது. இந்த முடிவைத் தயக்கமின்றிச் சொல்லிவிட்டு, அதற்குரிய நியாயங்களை ஆராய்வது தகும்.

இதே கேள்வியைப் பொருளாகக் கொண்டு, தன் பிறப்பு முறையையே அதற்கு விடையாக அமைத்துக்கொண்ட படம் ஒன்று கனடா தேசத்தில் தோன்றியது. பிரெட் கெய்லர் என்னும் இயக்குநர் ஆறு ஆண்டுக் காலம் பாடுபட்டு 2008இல் முடித்த ‘ரிப்: எ ரீமிக்ஸ் மேனிஃபெஸ்டோ’ என்பது அதன் பெயர். மான்ட்ரியால் நகரத்து ஐஸ்டீல்ஃபிலிம் நிறுவனமும், பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் அதைச் சேர்ந்து தயாரித்தன. சாதாரணமாகப் படமெடுப்பவர்கள் தம் கச்சாக் காட்சிகளை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து, வெட்டி ஒட்டிச் சீர்செய்து முடித்த வடிவத்தை மட்டுமே வெளியே காட்டுவார்கள். கெய்லரோ, தாம் எடுத்த காட்சிகளையும் பேட்டிகளையும் வேலை முடியுமுன்பே இணையத்தில் பொதுவில் வைத்தார்; விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், வேறு இசை சேர்க்கலாம், சித்திரம் தீட்டலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம் என்று அழைப்பு விடுத்தார். முகமறியாத நூற்றுக்கணக்கானவர்கள் அனுப்பிய துண்டுகள் படத்துக்குள் இடம்பெற்றன. படம் முடிந்த பின்பும் அதை மீண்டும் பிரித்து வேறாகக் கோத்துக்கொள்ளும் சுதந்திரம் பார்ப்பவருக்கே அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச ஆவணப்பட விழாவில் பார்வையாளர் பரிசு அதற்குக் கிடைத்தது.

படத்தின் நடுநாயகமாக விளங்குபவர் ‘கேர்ள் டாக்’ என்ற பெயரில் இசை நிகழ்த்தும் கிரெக் கில்லிஸ். பிட்ஸ்பர்க் நகரில் உயிர்மருத்துவப் பொறியாளராக வேலை பார்த்துவந்த அவர், பிறருடைய பாடல்களிலிருந்து சிறு சிறு துணுக்குகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலத்தில் எவரும் கேட்டிராத ஒரு நாதத்தை உண்டாக்குகிறார். 2008இல் வந்த அவருடைய ‘ஃபீட் தி அனிமல்ஸ்’ தொகுப்பில் மட்டும் 300க்கு மேற்பட்ட துணுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரைத் தேடிப்பிடித்து, பேரம் பேசி, பணம் கட்டித்தான் வெளியிட வேண்டுமென்றால் அத்தகைய சிருஷ்டி இவ்வுலகில் பிறந்தே இராது. அதே படத்தில் தோன்றும் கில்பெர்டோ கில், பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற பாடகர். 2003 முதல் 2008 வரை அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தவர். பாட்டெழுதியே வாழ்க்கை நடத்திய ஒருவர், பதிப்புரிமையின் இரும்புப் பிடி தளர வேண்டும் என்று பிரசாரம் செய்தது சிந்திக்கத் தக்கது. இழப்பதற்கு ஏதுமில்லாதவர்களே தாராளம் பேசுவார்கள் என்ற ஏளனத்துக்கு அவருடைய வாழ்க்கையே மறுமொழி.

இந்தப் புதுமையைக் கண்டு நம்மவர் அதிசயிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்து மரபியல் முதனூல் என்றும் வழிநூல் என்றும் நூல்களை வகுத்து, தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நான்கு வழிகளில் முன்னோன் நூலிலிருந்து பின்னோன் நூல் பிறக்கும் என்று அந்தப் பிறப்புக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, முன்னோரின் கருத்தை மட்டுமன்றி அவர்கள் சொற்களையே எடுத்து வைத்துக்கொள்வதும் அவர்களைப் போற்றும் முறை என்கிறார். நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை அவர் அடுக்குகிறாரே, அவற்றுள் குறைவாகச் சொல்வது குற்றம், மிகையாகச் சொல்வது குற்றம், சொன்னதையே சொல்வதும் குற்றம். பிறர் சொல்லை எடுத்தாளுவது குற்றம் என்று மட்டும் எங்கும் காணோம். அப்படியானால் களவு எது? பாட்டியல் நூல்கள் அதையும் சொல்லிவைத்திருக்கின்றன. பிறன் பாட்டைத் தன் பாட்டென்று சொல்லித் திரிபவனைக் கள்ளக்கவி என்று பெயரிட்டு, புலவர் வரிசையில் இழிந்த இடத்தில் நிறுத்துகின்றன. குற்றம் மறைத்தலில் இருக்கிறது. வள்ளுவர் பெருமானும் கள்ளாமை அதிகாரத்தில், பிறன் பொருளை வஞ்சகமாகக் கவர எண்ணும் அந்த உள்ளத்தையே கடிந்திருக்கிறார். சாத்தனார் மணிமேகலையில் குறள் ஒன்றை அப்படியே எடுத்து வைக்கிறார். வைக்கும்போது அது பொய்யறியாத புலவர் ஒருவரின் வாக்கு என்று வணங்கிச் சொல்லிவிடுகிறார். கம்பர் தம் காவியத்தின் வாயிலிலேயே, வடமொழியில் இக்கதையை இயற்றியவர்களுள் முதல்வரான வான்மீகரின் வழியிலே தாம் செல்வதை ஒப்புக்கொள்கிறார். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலே அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னகவி பாடிய சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதச் செய்து வழங்கினாள். பிரதி செய்தல் அங்கே சாத்திர தானம் என்னும் புண்ணியமாகப் போற்றப்பட்டது. தமிழிலக்கணமும் குறளும் காப்பியங்களும் அண்டை நாட்டுத் தானமும் ஒரே குரலில் சொல்லும்போது அதற்கு மேல் என்ன பிரமாணம் வேண்டும்?

கம்பர் நடந்த அதே பாதையில் இக்காலத்தில் நடக்கப் புறப்பட்ட ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். நீனா பேலி என்னும் அமெரிக்கச் சித்திரக் கலைஞர், சீதையின் துயரத்தையும் தம் வாழ்வில் நேர்ந்த பிரிவையும் இணைத்து, ‘சீதா சிங்ஸ் தி புளூஸ்’ என்ற முழுநீள அசைபடத்தைப் பெரும்பாலும் தாம் ஒருவராகவே வரைந்து 2008இல் முடித்தார். இராமாயணத்தை எடுத்துக்கொள்ள அவர் எவரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை. ஆதிகவியின் பெயரால் கட்டணம் வசூலிக்க எந்த நிறுவனமும் கிளம்பவில்லை. ஆனால் படத்தில் சீதையின் குரலாக அவர் அமைத்தவை, ஆனெட் ஹான்ஷா என்ற பாடகி 1920களின் இறுதியை ஒட்டிப் பாடிய பாடல்கள். அவற்றை இயற்றியவர்களின் உரிமை கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்த நிறுவனங்கள் முதலில் கேட்ட தொகை ஏறக்குறைய 2,20,000 டாலர். நெடிய பேரத்துக்குப் பின் அது 50,000 டாலராக இறங்கியது. தனியொருத்தியான அக்கலைஞர் கடன்பட்டு அதைக் கட்டினார். கட்டிய பிறகு அவர் செய்த காரியம்தான் நெஞ்சை நெகிழ்விப்பது. தம் படத்தைப் பூட்டிவைத்துப் பணம் பண்ண முயலாமல், யாரும் பார்க்கலாம், பகிரலாம், திருத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் உலகத்துக்கே கொடுத்துவிட்டார். ஒப்புரவாளனின் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளம் நிறைவதற்கு ஒப்பிட்ட வள்ளுவர் இச்செயலை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பதிப்புரிமை என்பது தொன்றுதொட்டு வந்த சுதந்திர சொத்துரிமை போலச் சிலர் பேசுகிறார்கள். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. 1710இல் ஆன் அரசியின் காலத்தில் இங்கிலாந்தில் சட்டம் பிறந்தபோது புதிய நூலுக்கு அது கொடுத்த காலம் 14 ஆண்டு. ஆசிரியர் அதற்குப் பின்னும் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14 ஆண்டு. நிரந்தர உரிமை வேண்டும் என்று புத்தக வியாபாரிகள் வழக்காடியபோது 1774இல் பிரபுக்கள் சபை அதை மறுத்துவிட்டது. அமெரிக்காவும் 1790இல் அதே 14 ஆண்டுகளோடுதான் தொடங்கியது. அங்கே அது நீண்டு நீண்டு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஆசிரியரின் ஆயுளோடு 70 ஆண்டுகள் என்றும், நிறுவனங்களின் படைப்புகளுக்கு வெளியிட்டதிலிருந்து 95 ஆண்டுகள் என்றும் ஆகிவிட்டது. 1928இல் வந்த மிக்கி எலியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ குறும்படம் பொதுவுடைமையானது 2024 ஜனவரி முதல் நாளில். அந்த எலியை வளர்த்த டிஸ்னி நிறுவனமோ, கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாடோடிக் கதையைப் பொதுவிலிருந்து எடுத்துத்தான் 1937இல் தன் முதல் முழுநீளச் சித்திரப் படத்தை ஆக்கியது. பொதுவிலிருந்து எடுத்துச் செழித்தவர் பொதுவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தவணையை ஒத்திவைத்துக்கொண்டே போவது எந்த நியாயத்தில் சேரும்?

ஆவணப்படக்காரர்கள் இதனால் படும் துன்பம் சொல்லி மாளாது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தை ஹென்றி ஹாம்ப்டன் ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்ற பெயரில் 1987 முதல் தொலைக்காட்சித் தொடராக அளித்தார். அதில் எடுத்தாண்ட செய்திக் காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் வாங்கிய உரிமங்களின் தவணை முடிந்ததும், ஒரு தேசத்தின் மனச்சாட்சியையே பதிவு செய்த அந்தத் தொடரை மறுபடி ஒளிபரப்ப முடியாமற் போயிற்று. ஃபோர்டு அறக்கட்டளை முதலியோர் நிதி கொடுத்து உரிமங்களைப் புதுப்பித்த பிறகே 2006இல் அது திரும்ப வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள், தம் பாட்டன்மார் அடிபட்ட வரலாற்றைத் தொலைக்காட்சியில் காணும் வாய்ப்பை இழந்தார்கள். குழந்தைகளின் பிறந்தநாளில் பாடப்படும் ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டின் கதை இன்னும் வேதனையானது. அதைப் பற்றியே படமெடுத்த ஓர் இயக்குநரிடம், அதைப் பயன்படுத்த 1,500 டாலர் கேட்கப்பட்டது. அவர் 2013இல் வழக்குத் தொடுத்தார். அந்தச் சொற்களுக்கு உரிமை கொண்டாடிய வார்னர்/சாப்பல் நிறுவனத்திடம் செல்லத்தக்க உரிமையே இல்லை என்று 2015இல் நீதிபதி தீர்த்தார். வசூலித்த பணத்துக்காக 1 கோடியே 40 லட்சம் டாலரில் சமரசம் ஏற்பட்டது. இல்லாத உரிமைக்கு உலகமே கப்பம் கட்டியதை ஓர் ஆவணப்படம்தான் வெளிக்கொணர்ந்தது.

மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. உழைத்தவன் கூலியை எவரும் பறிக்கக் கூடாது. 1969இல் கிரெகரி கோல்மன் என்பவர் முரசில் வாசித்த சில விநாடி அடிகள், பிற்பாடு எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளமாயின. அவரோ அதனால் ஒரு காசும் காணாமல், 2006இல் வீடற்றவராக இறந்தார். எடுத்தாண்டவர்கள் தலைகுனிய வேண்டிய செய்தி இது. ஆயினும் பதிப்புரிமையை இறுக்கினால் இத்தகையோர் பிழைத்துவிடுவார்கள் என்பது மெய்யன்று. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா, 1939இல் தாம் பாடிப் பதிந்த ‘ம்பூபே’ என்ற பாட்டை, உரிமையோடு சேர்த்துப் பத்து ஷில்லிங்குக்கு விற்றுவிட்டு வறுமையில் மாண்டார். அதே பாட்டு பின்னாளில் உலகமெங்கும் செல்வம் குவித்தது. உரிமையை ஏற்கும் சட்டம் அங்கே இருந்தது. அதன் பலன் ஏழைப் பாடகனின் குடிசைக்கு வந்து சேரவில்லை.

ஆகவே எடுத்தாளுகிற இளைஞர்கள் செய்ந்நன்றியைத் தம் தொழிலின் முதல் ஒழுக்கமாகக் கொள்ள வேண்டும். மூலத்தைச் செய்தவரின் பெயரைத் தலைப்பிலோ முடிவிலோ தெளிவாகச் சொல்லுங்கள். பணம் வந்தால் அவருக்குரிய பங்கைத் தேடிக் கொடுங்கள். அவர் சொன்ன பொருளைத் திரித்துக் காட்டாதீர்கள். உரிமை கையிலுள்ளவர்கள் சென்னையில் நடந்ததொன்றை நினைத்துப் பார்க்கட்டும். பாரதியாரின் பாடல்களைச் சினிமாவில் பயன்படுத்துவது யார் உரிமை என்ற தகராறு எழுந்தபோது, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் 1949இல் அவற்றை அரசுடைமையாக்க முன்வந்தது. பாடல்களின் உரிமையை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த ஏவி. மெய்யப்பன் அதைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். படத்தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு வியாபாரி செய்த தியாகம் அது. அந்தப் பண்பு இக்காலத் தயாரிப்பாளர்களிடமும் இசை நிறுவனங்களிடமும் தோன்றலாகாதா?

தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. கெய்லரின் படம் வந்த நான்கு ஆண்டுகளில், 2012இல், கனடா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வியாபார நோக்கமின்றிப் பிறர் படைப்பிலிருந்து புதியது செய்பவர், மூலத்தின் பெயரை இயன்ற இடத்தில் சொல்லி, மூலத்தின் வருவாய்க்குக் கணிசமான கேடு செய்யாதவரையில், அது குற்றமாகாது என்று விதித்தது. அதே 2012இல் நம் நாடாளுமன்றமும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திற்று. பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிய பங்கை உறுதிப்படுத்தியது மெச்சத் தக்கதே. ஆனால் நியாயமான கையாளுகையைச் சொல்லும் 52ஆம் பிரிவில், விமர்சனம், ஆராய்ச்சி, நடப்புச் செய்தி என்னும் சில காரியங்களுக்கு இடங்கொடுத்ததோடு நின்றுவிட்டது. ஒரு வாழ்க்கையை அல்லது ஒரு காலத்தைப் பதிவு செய்ய முயலும் ஆவணப்படமும், பலர் கூடி இணையத்தில் உருவாக்கும் படமும் அந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்குமா என்பது வழக்குத்தோறும் வாதாடித் தீர்க்க வேண்டிய காரியமாகவே இருக்கிறது. கனடாவின் விதியை ஒத்த ஒரு துணைப்பிரிவை, ஆவணப்படத்தையும் பெயர் சுட்டிச் சேர்த்து, அடுத்த திருத்தத்திலேயே நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அதற்குரிய மனுவைத் தயாரிக்கும் பொறுப்பை, வழக்கு வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் திரைப்படச் சங்கங்கள் இப்போதே ஏற்க வேண்டும்.