தருமமா, கடனா?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அக்கம்பக்கத்தார் கஞ்சியோடு வந்து விசாரிக்கிறார்கள். அதே வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். வெளியில் சொல்லவும் கூசுகிறோம். இத்தகையவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பராமரிக்கப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நாம் இடும் தருமமா, செலுத்தவேண்டிய கடனா?

தருமத்தை மனமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். கடன் அப்படியல்ல. அதைக் கொடாதவன் அநீதி செய்கிறான்.

சென்னையில் மனநோயாளிகளுக்கு 1794-லேயே ஒரு விடுதி ஏற்பட்டது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்து வருகிறது. ஆயினும் தூரத்து ஏழைக்கு அது எட்டவில்லை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விடுகிறவர்கள் எல்லோரும் ஈரமற்றவர்களா? இல்லை. கையில் காசும் உடம்பில் பலமும் ஓய்ந்து, வேறு வழி தெரியாமல் நின்ற குடும்பத்தாரும் அவர்களில் உண்டு.

“பெற்றவர்கள் பார்க்கட்டுமே, சர்க்கார் எதற்கு?” என்பார் சிலர். முதற்கடமை குடும்பத்தினுடையதுதான், மறுப்பாரில்லை. ஆனால் எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனை இரவும் பகலும் எத்தனை காலம் காப்பாள்? பொதுப்பணம் குடும்பத்தின் கடமையைக் கழித்துவிடுவதற்கல்ல. அந்தக் கடமையின் பாரத்தில் குடும்பம் நொறுங்கிப் போகாமல் தாங்குவதற்கே.

“ரோடும் குடிதண்ணீரும் இல்லாதபோது இதற்கேது பணம்?” என்பார் வேறு சிலர். ரோடு வேண்டுமென்று ஊரே திரண்டு கேட்கலாம். சித்தம் கலங்கியவர் எந்தக் கூட்டத்தில் நின்று கேட்பார்? கேட்க வாயில்லாதவனின் பங்கை முதலில் எடுத்து வைப்பதே நீதி.

இது வெறும் நல்லெண்ணமல்ல, நாட்டின் சட்டம். 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் அமலுக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம், சர்க்கார் செலவில் நடக்கும் சிகிச்சையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. ஏழைக்கும் வீடற்றவருக்கும் அது இலவசம். சங்கிலியிடுவதை அடியோடு விலக்கியது. அழைத்துப்போக ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது என்றும், அப்படிப்பட்டவர் ஊரோடு சேர்ந்து வாழ இடைக்கால இல்லங்களுக்குச் சர்க்கார் உதவ வேண்டுமென்றும் சொல்லுகிறது.

கடன் நிலுவையில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். படுக்கைக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. படுக்கையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழிக்கு யார் பொறுப்பு? குணமாகித் திரும்புகிறவருக்கு மாதந்தோறும் மாத்திரை வேண்டும். கிட்டத்தில் ஒரு டாக்டர் வேண்டும். கைக்கு ஒரு வேலை வேண்டும். வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் நோயாளியோடும் வீட்டாரோடும் கலந்து மேற்கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டுமென்பதும் சட்டமே. அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று ஆஸ்பத்திரியும், இது டாக்டர் விஷயம் என்று ஊரும் ஒதுங்கினால், சில மாதங்களில் அதே மனிதர் அதே வாசலில் மறுபடி நிற்பார். செலவும் இரட்டிப்பு, வேதனையும் இரட்டிப்பு.

சர்க்கார் தன் பங்கைச் செலுத்த வேண்டுமென்று கேட்போம். நம் பங்கையும் செலுத்துவோம். நம் தெருவில் அப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால் “பைத்தியம்” என்ற சொல்லை நம் பிள்ளைகள் வாயிலிருந்து அகற்றுவோம். மாத்திரை வாங்கப் போகும் நாளில் அவருக்குத் துணையாகப் போவோம். காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோலவே அவரையும் போய் விசாரிப்போம்.